விடுவும் பிடியும்

ராயபுரத்தில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாது என்றால் யாரும் நம்புவதில்லை. எனக்குத் தெரியாது. என் நைனாவுக்கும் தெரியாது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தது, கடலில் இறங்கியதில்லை. கப்பல் வந்து கரையில் கட்டிய பிறகுதான் எங்களுக்கு வேலை. "ஆர்பர்க்காரன் கால் நனையாம கடலைத் துன்றவன்" என்று மீன்காரச் சனங்கள் சொல்வார்கள். மறுத்துச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

நைனாவின் பெயர் சவரிநாதன். துறைமுகத்தில் சிக்னல்காரர். கப்பலின் மேல்தளத்தில், சரக்குப் பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, கீழே எட்டிப் பார்த்து, வின்ச்சு என்கிற பாரந்தூக்கியை ஓட்டுகிறவனுக்குக் குரல் கொடுக்க வேண்டும். இறக்கு என்பதற்கு 'ஆரியா'. தூக்கு என்பதற்கு 'அபேஸ்'. இவை எந்த ஊர் வார்த்தைகள் என்று நைனாவுக்கும் தெரியாது, அவருக்கு முன்னால் அங்கே நின்று கத்தியவருக்கும் தெரியாது. அபேஸ் என்றால் ஊருக்குள்ளும் தூக்குவதுதான். என்ன, அதற்குக் கூலி கிடையாது, உதைதான்.

அந்த வார்த்தைகள் எங்கள் வீட்டிலும் புழங்கின. கிணற்றில் வாளியை விடும்போது ஆரியா. பரண்மேலிருந்து பாயை இறக்கும்போது ஆரியா. என் அண்ணன் அருள்பிரகாசம் சோற்று உருண்டையை வாய்க்குள் போடும்போதுகூட "ஆரியா" என்பான். அம்மா சிரித்துக்கொண்டே தலையில் தட்டுவாள்.

அறுபத்தாறாம் வருஷம் வெயில் காலத்தில் அருளும் துறைமுகத்தில் சேர்ந்தான். நைனா வேலை செய்த கப்பலிலேயே, சரக்குப் பள்ளத்துக்குள். பதனிட்ட தோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நைனா கீழே பார்த்தார். யாரும் இல்லை. "ஆரியா" என்றார். கட்டு இறங்கிக்கொண்டிருக்கும்போது அருள் எதற்கோ திரும்பி அடியில் வந்தான். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

விசாரணை நடந்தது. யார்மேலும் தவறில்லை என்று முடிந்தது. அது ஒரு பெரிய தொந்தரவு. தவறு யார்மேலாவது இருந்தால், கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு வந்திருக்கலாம். நான் அதை நைனாமேல் வைத்தேன். வாயால் சொல்லவில்லை. அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான். அவர் சிக்னல் வேலையை விட்டுவிட்டு, கிடங்கில் கூட்டிப் பெருக்குகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் அந்த இரண்டு வார்த்தைகளும் இல்லாமல் போயின. அம்மா வாளியைக் கிணற்றில் சத்தமில்லாமல் விட்டாள்.

எனக்கு அப்போது பதினாறு வயது. காசிமேட்டுக் கல்லறையில் எல்லாரும் அழுதபோது, முன்னால் நின்ற ஆளின் செருப்பு வார் அறுந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் எப்படி வீட்டுக்கு நடந்து போவார் என்றுதான் யோசனை ஓடியது. அதன் பிறகும் அப்படியேதான். சோறு மண் மாதிரி இருந்தது. மண்ணைத் தின்றவன் இல்லை, ஆனாலும் அப்படித்தான் இருந்திருக்கும். பள்ளிக்கூடம் போவதை விட்டேன். திருட ஆரம்பித்தேன். எனக்கு வேண்டியதைத் திருடியிருந்தால் புத்திசாலி என்றாவது சொல்லியிருப்பார்கள். நான் திருடியதெல்லாம் குழாய்த் திருகு, ஒற்றைச் செருப்பு, யாரோ ஒருவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு. கடைசியில் மாதா கோவில் பூசையில் அடிக்கிற கைமணியைத் தூக்கினேன். கட்டிலுக்கடியில் சாக்கில் சுற்றி வைத்தேன். பூனை அதை மிதித்தது. வீட்டில் சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றம் நடப்பதுபோல மணி அடித்தது. அம்மா பழக்கதோஷத்தில் முழங்கால் போட்டுவிட்டாள். அப்புறம்தான் சாக்கைப் பிரித்தாள்.

சாமியார் போலீசுக்குச் சொல்லவில்லை. பையனைக் கொஞ்ச நாள் எங்காவது அனுப்பிவையுங்கள் என்றார். எங்கள் தெருமுனையில் விறகுத் தொட்டி வைத்திருந்த ஞானதுரை அண்ணாச்சியிடம் அம்மா போய் நின்றாள். அவருக்கு எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு திட்டில் சவுக்குத் தோப்பு குத்தகைக்கு இருந்தது.

"ஒரு மாசம் எங்க தோப்புல கெடக்கட்டும்மா," என்றார் அண்ணாச்சி. "அங்க திருடுததுக்கு ஒண்ணும் கெடயாது. மரத்த வேணா தூக்கிட்டுப் போவட்டும்."

அம்மா வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னாள்: "நீயே போய் வுட்டுட்டு வா. வேற யார்கிட்ட அனுப்புனாலும் வழியில ரயிலத் தூக்கிடுவான்."

நைனா என்னைப் பார்க்காமல் அம்மாவிடமே, "அவனை பொட்டிய கட்டச் சொல்லு" என்றார். நானும் அம்மாவிடமே, "கட்டியாச்சுன்னு சொல்லு" என்றேன். அவரை ஒரு முழ தூரத்தில் வைத்துக்கொண்டு அம்மா வழியாகப் பேசுவது எனக்குப் பழகியிருந்தது. தபால் இலாகாவில் அம்மாவுக்கு வேலையே கொடுத்திருக்கலாம்.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, எண்ணூரில் ரயிலை விட்டு இறங்கிக் கழிமுகத்துக்கு நடந்தோம். வானம் ஈயப் பாத்திரத்தின் உட்புறம் மாதிரி இருந்தது. விறகுப் படகுக்காரர் பக்ருதீன் எங்களைத் திட்டில் கொண்டுபோய் இறக்கினார். நாற்புறமும் தண்ணீர், கரையெல்லாம் அலையாத்திச் செடி, நடுவில் சவுக்கு மரங்கள், ஒரு ஓலைக் குடிசை, ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிய விறகு. ஆள் ஒருத்தரும் இல்லை. மரம் வெட்டுகிறவர்கள் மழைக்குப் பயந்து முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டார்கள்.

"கொஞ்சம் லோடு கெடக்குது மாமு, அத்த ஏத்திகினு போறேன்," என்றார் பக்ருதீன். "உன்னையும் ஏத்துனா போட்டு முழுவிடும். இங்கியே குந்திகினு இரு. சாய்ந்தரம் வந்து உன்ன இட்டுகினு போறேன். பையன் இருக்கட்டும், காலையில ஆளுங்க வந்துடுவாங்க."

"காத்து ஒரு மாதிரி கீதே?" என்றார் நைனா.

"காத்துன்னா அடிக்கத்தான் செய்யும்."

அது உண்மைதான். மத்தியானத்துக்கு மேல் அடித்தது. அந்த வருஷத்துப் புயல் அது. சென்னைப் பட்டணமே அதைப் பிறகு பல வருஷம் பேசியது. என்னைக் கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. குடிசையின் கூரை எழுந்து போனது. மரங்கள் படுத்தன. நானும் நைனாவும் என் தகரப் பெட்டியின் இருபுறமும் குப்புறக் கிடந்து, ஆளுக்கொரு கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருந்தோம். எனக்குப் பயமில்லை. தைரியம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பயப்படுகிற இடம் எனக்குள் காலியாக இருந்தது.

மறுநாள் வெளுத்தபோது திட்டு பாதியாகக் குறைந்திருந்தது. அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டி கூழாகியிருந்தது. குடித்தோம். நைனாவின் குடை காற்றில் மேல்நோக்கி மடங்கி, ஒரு புதரில் மாட்டி, நிறைய மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. குடையாக அது ஒருநாளும் அவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை. அதையும் குடித்தோம். பிறகு மழை சுத்தமாக நின்றுவிட்டது. படகு வரவில்லை.

சிக்கல் என்னவென்றால், இடையில் பேச அம்மா இல்லை. நைனா பெட்டியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"குடிக்கத் தண்ணி வேணும். தோண்டிப் பாக்கலாம்," என்று பெட்டியிடம் சொன்னார்.

நான் குடையைப் பார்த்து, "தோண்டட்டும்" என்றேன்.

அவர் குடிசையில் கிடந்த ஒரு தேங்காய்ச் சிரட்டையால் தோண்டினார். துறைமுகத்துக்காரர் ஆயிற்றே, ஆழம் என்றால்தான் அவருக்கு நம்பிக்கை. இடுப்பளவு தோண்டினார். தண்ணீர் வந்தது. வாயில் வைத்தால் சுத்த உப்பு. இன்னும் ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் வரும் என்று இன்னும் தோண்டினார். இன்னும் உப்பு. நான் சற்றுத் தள்ளி, மணல் மேட்டில், ஏதோ செய்கிற மாதிரி காட்டிக்கொள்ள ஒரு குழி பறித்தேன். முழங்கைக்குமேல் கை வலித்ததால் விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அதில் தண்ணீர் கசிந்தது. நக்கிப் பார்த்தேன். இனிப்பு. மழைத் தண்ணீர் மேலாகவும் கடல் தண்ணீர் அடியிலுமாக இருக்கும் போலிருக்கிறது. அதிகம் தோண்டினால் கெட்டுவிடும். என் சோம்பேறித்தனம் ஒருவரைக் காப்பாற்றிய ஒரே சமயம் அதுதான்.

நைனா அந்தக் குழியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல தண்ணி," என்றார். பெட்டி தூரத்தில் இருந்தது. என்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் காதில் வாங்காத மாதிரி இருந்தேன்.

சாப்பாட்டுக்குச் சேற்றில் முளைத்த உமரிக்கீரை கிடைத்தது. கடித்தால் உப்புக் கரிக்கும். அலையாத்தி வேர்களில் சிப்பி ஒட்டியிருந்தது. பெட்டியின் பூட்டுத் தகட்டைக் கழற்றி அதைப் பிளந்தோம். தீப்பெட்டி நனைந்து செத்துவிட்டதால் பச்சையாகத்தான் தின்றாக வேண்டும். நைனா ஒன்றை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"இன்னிக்கு வெள்ளிக்கெழமையா?"

நான் அடுத்த சிப்பியைப் பிளந்துகொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கெழமைன்னா மாமிசம் ஆவாது. இது மீனா மாமிசமா?"

அது நழுவி அவர் மடியில் விழுந்தது. எடுத்து, சிலுவை போட்டுக்கொண்டு, விழுங்கினார். முகம் போன போக்கைப் பார்த்தால் அது தவசு கணக்கில்தான் சேரும். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை. அருள் இருந்தால் மூன்று நாள் இதையே சொல்லிச் சிரிப்பானே என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் ஒரு செய்தி மாதிரிதான் மனதில் போனது.

சிப்பி எடுக்கப் போன இடத்தில் நைனாவின் உள்ளங்காலை ஓடு அறுத்துவிட்டது. முதலில் இரண்டு பேருமே அதைக் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் பாதம் பன் ரொட்டி மாதிரி வீங்கியது. அதற்கடுத்து காய்ச்சல். என் சட்டையைக் கிழித்துக் கட்டினேன். அவர் உடம்பை நான் தொட்டு மாதக்கணக்காகியிருந்தது. கால் கொதித்தது. என் கை சும்மா கட்டிக்கொண்டிருந்தது. அப்படியே எழுந்து போய்த் திட்டின் மறுமுனையில் உட்கார்ந்தேன். இவர் செத்துப்போனால் எனக்கு என்ன தோன்றும் என்று யோசித்தேன். பதில் வரவில்லை. அந்தப் பதில் வராததுதான் அந்தத் திட்டில் என்னைக் கொஞ்சமாவது பயமுறுத்தியது.

பிறகு ஆற்று வெள்ளம் வந்தது. மேற்கே எங்கேயோ பெய்த மழையெல்லாம் சேர்ந்து, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாக வந்தது. முழங்காலுக்கு ஏறியதும் நைனாவை விறகு அடுக்கின்மேல் தள்ளி ஏற்றினேன். ஒரு பக்கம் படி மாதிரி அடுக்கியிருந்தது, அதில் நகர்ந்து நகர்ந்து ஏறினார். விறகு கட்டுகிற தேங்காய்நார்க் கயிறும் என் கையோடு வந்தது. எங்கள் பெட்டியும் குடையும் கிளம்பிக் கடலுக்குப் போயின. இனிப் பேச நேர்ந்தால் நேராகத்தான் பேச வேண்டும்.

மேலே பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தோம். தண்ணீர் வடிய வெகுநேரம் ஆயிற்று. வடிந்ததும் பார்த்தால், நாங்கள் ஏறி வந்த படிப்பக்கம் அரித்துச் சரிந்திருந்தது. அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கீழே கட்டைகள் ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டிருந்தன. மறுபக்கம் நேர் இறக்கம். அதன் அடியில், வெட்டிய சவுக்கு மரங்களின் அடிக்கட்டைகள் ஈட்டி முனை மாதிரி சாய்வாக நின்றன. நான் குதித்தால் ஒருவேளை தப்புவேன். நைனா குதித்தால் ஏதாவது ஒன்றின்மேல்தான் விழுவார்.

அடுக்கு சரியாமல் இருக்க இன்னொரு ஓரத்தில் நட்டிருந்த கம்பம் மட்டும் உறுதியாக இருந்தது. கயிற்றை நைனாவின் அக்குளைச் சுற்றிக் கட்டி, கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். கம்பம் இருந்த இடத்திலிருந்து எனக்கு அவர் இறங்குகிற ஓரத்தின் அடி தெரியாது. அவர் விளிம்பைத் தாண்டி இறங்கியதும் மறைந்துவிட்டார். கயிறு மட்டும்தான் தெரிந்தது. எங்கே கட்டை இருக்கிறது, எங்கே சந்து இருக்கிறது என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. காய்ச்சலில் அவர் குரல் பாதிதான் இருந்தது.

"...டு!"

"இன்னா?"

"...டி!"

விடு என்கிறாரா, பிடி என்கிறாரா? இரண்டையும் சொல்லிப் பாருங்கள், காற்றில் இரண்டும் ஒரே மாதிரி வரும். விடு என்று நினைத்து விட்டேன். கயிறு சர்ரென்று ஓடியது. கீழே ஒரு அலறல். பிடித்து நிறுத்தியதில் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது.

"பிடின்னு சொன்னேன்டா! கட்டை தொடையில குத்திகினு கீது!"

எனக்குக் கீழே இன்னொரு விறகு நழுவியது. அடுக்கு முனகியது. அதிக நேரம் இல்லை என்று தெரிந்தது. துறைமுகத்தில் ஏன் விடு, பிடி என்று சொல்வதில்லை என்பதும் அப்போது தெரிந்தது. வின்ச்சுச் சத்தத்தில் ஆளைக் கொன்றுவிடும். அதனால்தான் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு வார்த்தைகளை எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

"நைனா! ஆர்பர்ல சொல்லுவியே, அத்த சொல்லு!"

கயிற்றைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"நைனா, கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப சொல்லு!"

"வேணாம்டா. அது வாயில வரல ஜேக்கபு. நீ வுட்டுடு. நான் வுழுந்துக்கறேன்."

அவர் சொன்னதில் முதல் பாதியைத்தான் நான் யோசித்தேன். மாதக்கணக்காக நான் விரும்பியது அதுதானே, அந்த வார்த்தை அவர் தொண்டையில் மாட்டிக்கொண்டு அவரை வதைக்க வேண்டும் என்று. மாட்டிக்கொண்டிருந்தது. என் கையில் கயிறு இருந்தது. இதைவிட வசதியாக யாருக்கும் அமையாது. ஆனால் அவர் ரொம்பக் கனமாக இருந்தார். கயிற்றின் வழியாக அவர் மூச்சு விடுவதுகூடத் தெரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் என் கை எரிந்தது.

"ஆரியாவா, நைனா?" என்று கேட்டேன்.

என் வாயில் அது சாதாரணமாக வந்தது. வீட்டில் வாளி இறக்குகிற மாதிரி.

கயிற்றில் அவர் பாரம் ஒரு பக்கமாகத் திரும்பியது. அப்புறம், "இரு," என்றார். "பாக்கறேன்." பிறகு, புதிதாகப் படிக்கிற பிள்ளை மாதிரி, சின்னக் குரலில்: "ஆரியா."

ஒரு முழம் விட்டேன்.

"இரு. பாக்கறேன். ஆரியா."

இன்னொரு முழம். மூன்றாவது தடவை அவர் பழைய குரலே வந்துவிட்டது. கப்பலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகிற குரல்.

"ஆரியா! ஆரியா! நிப்பாட்டு! கொஞ்சம் அபேஸ்!"

"தூக்கறதுக்கு நான் இன்னா வின்ச்சா?" என்று கத்தினேன். ஆனாலும் தூக்கினேன். எப்படி என்று தெரியவில்லை. அவர் காலை ஒரு கட்டையிலிருந்து எடுத்து அடுத்த சந்துக்கு நகர்த்திக்கொண்டு, "ஆரியா" என்றார். கயிறு தளர்ந்தது. தரையில் இருந்தார்.

அவர் கழற்றிவிட்ட கயிற்றைக் கம்பத்தில் முடிந்து, அதைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன். விறகு அடுக்கிலிருந்து தள்ளிச் சேற்றில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அடுக்கு மொத்தமாகச் சரிந்தது. திரும்பிப் பார்க்கக்கூட இரண்டு பேருக்கும் தெம்பில்லை.

"அன்னிக்கு ரெண்டு தபா பாத்தேன்டா," என்றார் நைனா.

"தெரியும்."

"உனக்கு எப்டித் தெரியும்? நீ எங்க இருந்தே?"

"இப்ப ஒரு மொழத்துக்கு ஒரு தபா பாத்தியே. அன்னிக்கு மட்டும் பாக்காமயா வுட்டிருப்பே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் அவன் இன்னாத்துக்குத் திரும்பி வந்தான்?" என்று கேட்டேன்.

"தெர்லடா. நானும் தெனம் அதத்தான் கேட்டுகினு கீறேன். மேலருந்து கூவுனேன். வின்ச்சுச் சத்தத்துல கேக்கல." வாயைத் துடைத்துக்கொண்டார். "நீ என்கிட்ட கேப்பேன்னு பாத்துகினே இருந்தேன். நீ கேக்கவே இல்ல."

"இப்பக் கேட்டுட்டேன்ல."

"ஆமாம். கேட்டுட்டே."

நைனா அழுதார். மனிதர் சேற்றில் கால் நீட்டி உட்கார்ந்து, வீங்கின பாதத்தைப் பார்த்துக்கொண்டே அழுதார். நான் அழவில்லை. நான் அழுதேன் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அம்மாகூட அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிவந்தாள். எனக்கு அப்போது பசித்தது. மாதக்கணக்காகத் தட்டு வைத்தார்கள், சாப்பிட்டேன், எழுந்தேன், பசித்ததில்லை. இப்போது வயிறு கடகடவென்று சத்தம் போட்டது. அவர் அழுகையை நிறுத்திவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்.

"போய் நாலு சிப்பி பாரு," என்றார். "கால் பத்திரம்."

எத்தனை நாள் அந்தத் திட்டில் இருந்தோம் என்பதில் எனக்கும் அவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. காய்ச்சல்காரர் கணக்கு அதிகமாக இருந்தது. பக்ருதீன் வந்தபோது நைனாவின் தலை என் மடியில் இருந்தது, சிரட்டையால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தேன். பக்ருதீன் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"மாமு! கீறீங்களா? என் போட்டு பூட்ச்சு மாமு! வேற போட்டு கேட்டுகினு அலையறேன், ஒருத்தனும் குடுக்கல. ஊரே மெரினாவுக்குப் போயிட்சு. அங்க கப்பல் தரை தட்டிகினு நிக்குதாம், சுண்டல் துன்னுகினு வேடிக்கை பாக்கறானுங்க!"

நாங்கள் தரை தட்டியதைப் பார்க்க ஒருத்தரும் சுண்டலோடு வரவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. சுண்டல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இருந்தது.

பக்ருதீன் கொண்டுவந்தது சின்னப் படகு. நைனாவைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தோம். பக்ருதீன் துடுப்பை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி இங்கியே இருக்கணும்னு அண்ணாச்சி சொன்னாரே? நாளைக்கு வெட்டுக்காரங்க வந்துடுவாங்க. அரிசியும் நெருப்புப் பொட்டியும் கொணாந்திருக்கேன். இன்னா, நிக்கறியா?"

என்னைக் கொண்டுவந்து விட்டது நைனா. வா என்று சொல்ல வேண்டியதும் அவர்தான். ஆனால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்தவர்போல, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட்டால் அந்த வீட்டில் அவரோடு இருக்கச் சம்மதிக்க வேண்டியவர்கள் வேறு யாருமில்லை. அம்மா எப்போதோ சம்மதித்துவிட்டாள்.

"அரிசிய நீயே திருப்பி எடுத்துகினு போயிடு," என்றேன் பக்ருதீனிடம். "தள்ளி குந்து நைனா. எடம் வுடு."

தள்ளி உட்கார்ந்தார். அந்தப் படகில் தள்ளி உட்கார இடமே இல்லை. ஆனாலும் உட்கார்ந்தார்.

எண்ணூரில் ரயில் அன்றுதான் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. பெட்டியில் கூட்டம் எங்களைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டது. மரியாதை இல்லை, நாற்றம். ராயபுரத்தில் இறங்கி நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போவது என்று பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டோம் என்றால், அவர் கேட்டார், நான் சொன்னேன், நேராக. ஜன்னலோரம் உட்கார வைத்ததும் என்மேல் சாய்ந்து தூங்கிவிட்டார். வாய் திறந்து, லேசாகக் குறட்டை. காய்ச்சல் சூடு சட்டையில்லாத என் தோளில் இறங்கியது.

திருவொற்றியூர் தாண்டுவதற்குள் தோள் மரத்துப்போனது. ஒரு பக்கமாக அசைந்திருந்தால் சரியாகியிருக்கும். அசைந்தால் எழுந்துவிடுவார். எதிரில் இருந்த கூடைக்கார அம்மாள், "தலைய அந்தாண்ட தள்ளி வெய்யேன் தம்பி, ஜன்னல்ல சாஞ்சுக்கட்டும்" என்றாள்.

"பரவால்ல," என்றேன்.

கொருக்குப்பேட்டையில் தோளுக்குள் எறும்பு ஊர்வதுபோல ஆரம்பித்தது. அப்புறம் ஊசி ஊசியாகக் குத்தியது. நன்றாக வலித்தது. ராயபுரம் வரும்வரை நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.